சாகாமத்து நெல்லும் கிராமிய வங்கியும்

அக்கரைப்பற்றுக்குத் தெற்கே, திருக்கோவிலுக்கு மேற்குப் பக்கமாக அமைந்திருப்பது சாகாமம். அங்கே ஒரு குளம். குளத்தின் கீழே வயல்வெளி. வயலிலிருந்து கிழக்கு நோக்கி நடந்தால் மணற்பாங்கான நிலமும் தென்னந்தோப்பும், அவற்றுக்கப்பால் வங்கக் கடலும் எதிர்ப்படும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் என்று வடக்கிலிருந்து தெற்காக நிரைபட நிற்கும் ஊர்கள் பெரும்பாலும் இத்தகைய அமைப்பையே உடையன. குடியிருப்பு கரையோரத்தில், விளைநிலம் மேற்கில். முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்து, அடுத்தடுத்த வரம்புகளில் உழுது வந்த நாடு இது. 'வேளாண்மை' என்ற பொதுச்சொல்லே இவ்வட்டார வழக்கில் நெற்பயிரைக் குறிக்கும் என்றால், நெல்லுக்கு இங்குள்ள இடத்தைப் பற்றி வேறு சான்று வேண்டியதில்லை.

நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றி எழுதுவோர் பயிர்த்தொழிலை ஒரு புறமும் வியாபாரத்தையும் கைத்தொழிலையும் மறுபுறமும் வைத்துப் பேசுவது வழக்கம். அப்பிரிவினை கல்முனைக் கரைக்குப் பொருந்தாது. மாரி வேளாண்மை வெட்டப்பட்டுக் களத்துக்கு வந்த பின்னரே அரிசி ஆலையின் சில்லு சுழலும். ஆலைக்காரர் நெல்லுக்குக் காசு கொடுத்த பின்னரே மருதமுனைத் தறியில் நெய்த சாரத்துக்கும் சேலைக்கும் கொள்வார் கிடைப்பர். வீடு கட்டுவோர், வண்டி திருத்துவோர், பாய் இழைப்போர், தளபாடம் செய்வோர், புடைவைக்கடை வைத்திருப்போர் ஆகிய யாவருடைய கைமுதலும் அந்த நெல்லோடு பிணைந்து கிடக்கிறது. அறுவடைக் காலத்தில் இரண்டு மாதம் பணம் பெருகி ஓடும். பின்னர் விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில் வற்றிப் போகும். வற்றிய காலத்தில் முதல் யாரிடமிருந்து வந்தது, என்ன விலைக்கு வந்தது என்பதே இக்கரையின் சிறுதொழில் வரலாறு.

வங்கி வருமுன்பு கடன் இல்லாமல் இருக்கவில்லை. நிலத்துக்கு உரியவர் போடியார். வயலைப் பொறுப்பேற்று நடத்துபவர் முல்லைக்காரர். அவர்கீழ் வேலை செய்பவர் வயற்காரர். விதைநெல்லும், வேலைக்காலத்துச் சாப்பாட்டு நெல்லும் போடியாரிடமிருந்து வரும். சூடு மிதித்த களத்திலேயே கணக்குத் தீர்க்கப்படும். ஒன்று வாங்கினால் ஒன்றரை கொடுப்பது இலங்கையின் நெற்பகுதிகளிற் பரவலாக வழங்கிய முறை. ஓர் அவணம் வாங்கியவர் ஐந்து மாதத்தில் ஒன்றரை அவணம் அளக்கிறார். ஐந்து மாதத்துக்கு நூற்றுக்கு ஐம்பது. மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து. ஆண்டுக்குக் கணக்கிட்டால் நூற்றுக்கு நூற்றிருபது. அதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. வாங்கும்போது நெல் அரிதாய் விலை கூடியிருக்கும். கொடுக்கும்போது களத்திற் குவிந்து விலை குறைந்திருக்கும். விலை வேற்றுமை கடன்பட்டவருக்குச் சற்றே ஆறுதல் தருவது இந்த இடத்தில் மட்டும்தான். அவர் பணமாக வாங்கி நெல்லாகத் திருப்ப உடன்பட்டிருந்தால், அவ்வேற்றுமையே அவருக்கு எதிராகத் திரும்பிவிடும்.

போடியாரைக் கொடியவராக்கிக் காட்டுவது எளிது, அது நியாயமன்று. அவர் பத்திரம் கேட்கவில்லை, பிணை கேட்கவில்லை. கடன் வாங்குபவரின் தகப்பனையும் பாட்டனையும் அவர் அறிவார். பயிர் அழிந்த ஆண்டில் கணக்கை அடுத்த போகத்துக்குத் தள்ளி வைக்கவும் அவரால் இயன்றது. அறிமுகமும் நெகிழ்ச்சியும் அவரிடம் இருந்தன; மலிவுதான் இல்லை. பின்னால் வந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றும் இம்மூன்றில் எதைக் கொண்டு வந்தது, எதைத் தொலைத்தது என்று பார்த்தாலே இந்த வரலாறு விளங்கிவிடும்.

கரையோரக் கடைக்காரருக்குக் கடன் வேறு வழியாக வந்தது. பிரித்தானியர் காலத்துக் கொழும்பு வங்கிகள் தோட்டத்துக்கும் ஏற்றுமதிக்கும் பணம் கொடுத்தனவேயன்றி, உள்ளூர் வியாபாரியை நேரே அறியமாட்டா. அவை நாட்டுக்கோட்டைச் செட்டியாருக்குக் கொடுத்தன. கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்து அது மொத்த வியாபாரிக்கும், அவரிடமிருந்து வெளியூர்க் கடைக்கும் சரக்காக இறங்கியது. கை மாறுந்தோறும் வட்டி ஏறியது. 1925ஆம் ஆண்டிற் செட்டியார் நிறுவனங்கள் சில முறிந்தபோது வங்கிகள் தங்கள் கையைச் சுருக்கின. சங்கிலியின் மேல் வளையம் அறுந்தவுடன் கீழ் வளையங்கள் யாவும் அசைந்தன. அதன்பின் வந்த உலகப் பொருளாதார வீழ்ச்சி எஞ்சியதையும் தளர்த்தியது. 1934இல், இந்தியாவில் சென்ட்ரல் பாங்கைத் தோற்றுவித்த சேர் சொராப்ஜி போச்கானவாலா தலைமையில் ஓர் ஆணைக்குழு இலங்கையின் வங்கி நிலையை ஆராய்ந்தது. அதன் பயனாக 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. சுதேச வியாபாரிக்கு அது பெரிய வாய்ப்பே. ஆயினும் அதன் வாயிலில் நின்றவரிடம் நிலவுறுதி கேட்கப்பட்டது. மாதச் சம்பளம் பெறும் பிணையாளர் கேட்கப்பட்டார். கிழக்கிலங்கை நெசவாளரிடம் இரண்டும் அரிது.

உறுதி அரிதாயிருந்ததற்குக் காரணம் வறுமை மட்டும் அன்று. இப்பகுதித் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் தாய்வழிக் குடிமுறை வழங்குகிறது; வீடும் வயலும் பெண்மக்களுக்குச் சீதனமாகப் போகும்; மணமகன் மனைவியின் வீட்டில் வாழச் செல்வான். எனவே தொழில் நடத்துபவர் ஒருவர், ஈடுவைக்கக்கூடிய சொத்துக்கு உரியவர் இன்னொருவர். அன்றியும், 1949இல் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபை பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துப் புதிய குடியேற்றங்களை உண்டாக்கியபோது, அரசினர் காணிகள் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டன. அக்காணிகளை அரசாங்க அதிபரின் சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. கடன்காரரிடம் நிலம் போய்விடாமல் உழவரைக் காக்கும் நல்ல நோக்கமே அது. ஆனால் காக்கப்பட்ட நிலத்தை வங்கியும் தொடமாட்டாது.

சொத்து இல்லாதவருக்கு எதைப் பிணையாகக் கொண்டு கடன் கொடுப்பது? இந்த வினாவுக்கு விடை ஜெர்மனியில் பிறந்தது. றைன் நதிப் பகுதியில் ஊர்த்தலைவராயிருந்த பிரீட்ரிக் வில்ஹெல்ம் றைபைசன், 1846–47ஆம் ஆண்டுப் பஞ்சத்தைக் கண்ணாரக் கண்டவர். தருமம் கொடுத்துப் பார்த்தார், அது நிலைக்கவில்லை. 1864இல் ஹெடெஸ்டோர்ப் என்னும் ஊரில் அவர் அமைத்த சங்கத்தில் கடன் வாங்குவோரே உறுப்பினர், உறுப்பினரே பிணையாளர். ஒருவர் தவறினால் எல்லோருடைய சொத்தும் பொறுப்பு. இதனால் இரண்டு பயன் விளைந்தன. வெளியார் அச்சங்கத்துக்கு நம்பிப் பணம் கொடுத்தனர். உள்ளேயோ, அயலவன் வாங்கிய கடனில் மாடு வாங்கினானா, மது வாங்கினானா என்று ஒவ்வொருவரும் கவனித்தனர். போடியாரின் அறிமுகத்தை, போடியார் இல்லாமலே பெறும் வழி இது.

அம்முறையைத் தமிழகத்துக்குக் கொணர முயன்றவர் சென்னை மாகாண அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன். ஐரோப்பாவின் கிராம வங்கிகளை ஆராய்ந்து அவர் அளித்த நீண்ட அறிக்கையின் முடிவு, ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு றைபைசனைத் தேடுங்கள் என்பதே. 1904இல் இந்தியக் கூட்டுறவுக் கடன் சட்டம் வந்தது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் முதற் சங்கம் பதிவாயிற்று. இலங்கையில் 1906இல் கண்டிப் பகுதியின் தும்பறையில் ஒரு சங்கம் முயன்று பார்க்கப்பட்டது. 1911இல் ஐக்கிய நாணய சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் நிறைவேறியது. 1921இல் நாணயத் துறைக்கு அப்பாற்பட்ட சங்கங்களுக்கும் சட்டம் இடமளித்தது. 1930இல் கூட்டுறவுக்கெனத் தனித் திணைக்களம் அமைந்தது. 'நாணயம்' என்ற சொல்லைத் தேர்ந்த முன்னோர் மிகப் பொருத்தமாகவே தேர்ந்தனர். அது காசையும் குறிக்கும், சொற்பிறழாமையையும் குறிக்கும்.

எனினும் வேகம் போதவில்லை. 1957இல் நாட்டின் கிராமியக் கடன் நிலை கணக்கெடுக்கப்பட்டபோது, மக்கள் பட்டிருந்த கடனிற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நிறுவனம் சாராத வழிகளில் வந்ததாகத் தெரிந்தது. அதாவது உறவினர், நண்பர், நிலவுரிமையாளர், கடைக்காரர். அரசினர் பொறுமை இழந்தனர். 1947இல் விவசாய உற்பத்தி விற்பனைச் சங்கங்களும், 1957இல் பிலிப் குணவர்த்தனவின் முயற்சியால் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் தோன்றின. அரிசி, மா, சீனி விற்பனையும், உரம் விநியோகமும், நெல் கொள்வனவும், கடனும் ஒரே கூரையின் கீழ் வந்தன. கூப்பன் கடையாகவே பலருடைய நினைவில் நிற்கும் அச்சங்கத்தில், கடன் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது.

1961ஆம் ஆண்டு இரு வகையில் நினைக்கத்தக்கது. மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டு அம்பாறை தனி மாவட்டமானது அவ்வாண்டிலே. டி. பி. இலங்கரத்ன வர்த்தக அமைச்சராயிருந்தபோது, அவ்வாண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் மக்கள் வங்கி பிறந்து, ஜூலை 1ஆம் தேதி கதவு திறந்ததும் அவ்வாண்டிலே. கிராமத்துக்கும் கூட்டுறவுக்கும் உரிய வங்கி என்பதே அதன் பிறப்புரிமை. ஆயினும் எல்லாக் கிராமங்களிலும் கிளை திறக்க எந்த வங்கியாலும் இயலாது. ஆதலால் 1964இல் ஒரு புதுவழி காணப்பட்டது. பலநோக்குச் சங்கத்தின் ஒரு பிரிவாகவே கிராமிய வங்கி நடக்கும். மக்கள் வங்கி அதற்குப் பயிற்சியும் மேற்பார்வையும் முற்பணமும் உதவும். கண்டி மாவட்டத்து மெனிக்கின்னையில் முதலாவது கிராமிய வங்கி தொடங்கியது. பின்னர் அவ்வமைப்பு நாடெங்கும் பரவியது.

கிராமிய வங்கி என்று சொன்னவுடன் தூணும் மாடமும் உள்ள கட்டடத்தை மனத்திற் கொள்ளலாகாது. சங்கக் கட்டடத்தில் ஓர் அறை. ஒரு முகாமையாளர், ஓர் எழுதுவினைஞர். ஓர் இரும்புப் பெட்டி. பொன் நிறுக்கத் தராசு, உரைத்துப் பார்க்க உரைகல். சேமிப்பு ஏற்கும், சிறுகடன் கொடுக்கும், அடகு பிடிக்கும். இம்மூன்றனுள் மிகுதியாக ஓடியது அடகே. சேமிப்பையும் உற்பத்திக் கடனையும் கனவு கண்ட அறிஞர் சிலருக்கு இது ஏமாற்றமாயிருந்தது. வங்கி அடகுக்கடை ஆகிவிட்டதே என்றனர். அவர்கள் ஏட்டைப் பார்த்தார்களேயன்றி, ஏட்டுக்கு அப்பால் நடந்ததைப் பார்க்கவில்லை. காலையில் ஒரு பெண் தன் கழுத்துக் கொடியை வைத்துப் பணம் வாங்குகிறாள். பகலில் அப்பணம் நூற்கட்டாகத் தறியடிக்கு வருகிறது. மாதம் கழிந்து துணி விற்றதும் கொடி கழுத்துக்குத் திரும்புகிறது. கணக்கில் அது அடகு. காரியத்தில் அது தொழில் முதல். பிணையாளர் வேண்டியதில்லை, நிலவுறுதி வேண்டியதில்லை, கணவனின் சம்பளச் சீட்டும் வேண்டியதில்லை. வீடும் நகையும் பெண்பக்கமாக நிற்கும் இச்சமூகத்தில், தொழிலுக்கு முதல் இடும் உண்மையான பங்காளி அவளே. அவள் பெயர் கடைப் பலகையில் எழுதப்படாதது வேறு விடயம்.

அடகு குறையற்றதும் அன்று. மீட்க முடியாத நகை ஏலத்துக்குப் போகும். பொன் விலை ஏறும்போது மிகுதியாகக் கொடுத்த வங்கிகள் 2013இல் விலை வீழ்ந்தபோது தாமே இடர்ப்பட்டன. அன்றியும் நகையளவே கடனளவு. பழைய கைத்தறியை விட்டு இயந்திரத் தறிக்குப் போக நினைப்பவருக்குக் கழுத்துக் கொடி போதாது.

1970க்குப் பின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட காலத்திற் கைத்தறிக்குப் பெருவாழ்வு வந்தது. உள்நாட்டுத் துணிக்குச் சந்தை உறுதி. நூல் பங்கீட்டிற் கிடைத்தது. கடனும் தடையின்றிச் சுழன்றது. 1977இற் கதவுகள் திறக்கப்பட்டு வெளிநாட்டுத் துணி மலிவாக இறங்கியதும் தறிகள் பல ஓய்ந்தன. அதற்கு அடுத்த ஆண்டு, 1978 நவம்பரில், சூறாவளி மட்டக்களப்புக் கரையைச் சூறையாடியது. கடன் கொடுக்க வங்கி இருந்தும், நெய்ததை வாங்க ஆளில்லாத நிலை. விற்பனை இல்லாத இடத்திற் கொடுக்கும் கடன் உதவியன்று, அது சுமை.

இதற்கிடையே சங்கங்களுக்குள்ளேயே ஒரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. 1971இல் ஏறக்குறைய 5000 பலநோக்குச் சங்கங்கள் ஒன்றிணைக்கப்பட்டு, 370 அளவிலான பெருஞ்சங்கங்கள் ஆக்கப்பட்டன. கணக்கு ஒழுங்குபட்டது, கிராமிய வங்கிகளைத் தாங்கும் வலிமையும் உண்டாயிற்று. ஆனால் உறுப்பினர் ஒருவரையொருவர் அறிந்திருந்த றைபைசன் முறை அன்றோடு போயிற்று. பத்து ஊருக்கு ஒரு சங்கம் என்றானபின், யார் மாடு வாங்கினார், யார் மது வாங்கினார் என்று கவனிப்பார் யார்? 1967ஆம் ஆண்டின் புதிய விவசாயக் கடன் திட்டத்தில் கொடுத்த பணம் பெருமளவு திரும்பாமற் போனதற்கும் இதுவே காரணங்களில் ஒன்று. அயலவன் பணமென்றால் திருப்பிக் கொடுப்பவர், அரசாங்கப் பணமென்றால் காத்திருந்து பார்ப்பர்.

மற்றொரு குறை வெளிக்குத் தெரியாதது. கிராமிய வங்கிகளிற் சேர்ந்த சேமிப்பு, அவை கொடுத்த கடனிலும் மிகுதி. எஞ்சிய பணம் மேலுள்ள வங்கிக்குச் சென்றது. 1885இல் தொடங்கிய தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கியும் முன்னரே இவ்வாறுதான் கிராமத்துக் காசைத் திரட்டிக் கொழும்புக்கு அனுப்பிற்று. சாகாமக் குளத்தில் நீர் தேங்குவது அதன் கீழுள்ள வயலுக்காக. பணக்குளமோ தன் வயலை விட்டு வேறோர் ஊருக்கு மடை திறந்தது. கடன் கொடுக்கத் துணிவின்மையே இதன் அடிப்படை. அடகுக்குக் கொடுத்தால் நட்டமில்லை, மேலே வைத்தால் வட்டி நிச்சயம். இவ்விரண்டுக்கும் இடையில் நெசவாளரின் தொழில் திட்டத்தைப் படித்துப் பார்க்க முகாமையாளருக்கு என்ன தேவை?

இந்தியாவில் இதே குறை வேறு வழியில் அணுகப்பட்டது. 1975 அக்டோபர் 2ஆம் தேதி முதற் பிராந்திய கிராமிய வங்கிகள் தொடங்கின. மத்திய அரசு நூற்றுக்கு 50, மாநில அரசு 15, பொறுப்பேற்ற வணிக வங்கி 35 என்ற விகிதத்தில் முதல் இட்டன. தென்தமிழகத்தில் 1977இல் தோன்றிய பாண்டியன் கிராம வங்கி அவ்வழி வந்தது. 2019இல் அது பல்லவன் கிராம வங்கியோடு இணைந்து தமிழ்நாடு கிராம வங்கியாயிற்று. இலங்கையும் 1985இல் மாவட்ட அளவில் பிராந்திய கிராமிய அபிவிருத்தி வங்கிகளை அமைத்தது. 1997இல் அவை ஆறாகக் குறைந்தன. 2010இல் ஒரே பிரதேச அபிவிருத்தி வங்கி ஆயின. இரு நாட்டிலும் கதை ஒன்றே. சிறிதாய்ப் பிறக்கும், நட்டத்துக்கு அஞ்சிப் பெரிதாகும். எதிர்த்திசையில் நடந்தவர் பி. ஏ. கிரிவந்தெனிய. 1978இற் கேகாலை மாவட்டத்து வல்கமையிலிருந்து, உறங்கிக் கிடந்த பழைய சிக்கனக் கடனுதவுச் சங்கங்களை அவர் எழுப்பினார். சணச இயக்கம் என அது பெயர் பெற்றது. அதுவும் 1997இல் தனக்கென ஓர் அபிவிருத்தி வங்கியை அமைத்துக்கொண்டது.

கல்முனைக் கரையில் இன்னொரு வினா எக்காலமும் உடனிருந்தது. வட்டி கொடுப்பதும் வாங்குவதும் இஸ்லாத்தில் விலக்கப்பட்டவை. மார்க்கப் பற்றுள்ள வியாபாரி சேமிப்புக் கணக்கு வைத்தால் வரும் வட்டியை என்ன செய்வது? கடன் வாங்கினால் மனச்சான்றுக்கு என்ன சொல்வது? ஒதுங்கி நின்றவர்களும் உண்டு. நிர்ப்பந்தமென்று வாங்கியவர்களும் உண்டு. ஒதுங்கியவருக்கு உறவினரின் கைமாற்றும் சீட்டும் முற்பண வியாபாரமும் எஞ்சின. விளையப் போகும் நெல்லுக்கு முன்கூட்டியே முழு விலையும் கொடுத்து, அளவும் தரமும் தவணையும் குறித்துக்கொள்வது ஸலம் என்னும் ஆகுமாக்கப்பட்ட வணிகம். ஆனால் பசித்தவரிடம் பாதி விலைக்கு நெல்லை முன்வாங்குவதும் அப்பெயரையே சூடிக்கொள்ளக்கூடும். முன்னது வணிகம், பின்னது போடியாரின் ஒன்றரை அவணமே வேடம் மாறி வந்தது.

வட்டியின்றி வங்கி நடத்தலாம் என்று ஒரு சிற்றூரில் செய்து காட்டியவர் எகிப்தியப் பொருளியலாளர் அஹ்மத் அந்நஜ்ஜார். ஜெர்மனியில் கல்வி கற்று, அங்குள்ள சேமிப்பு வங்கிகளைக் கண்டறிந்த அவர், 1963இல் நைல் நதிக் கழிமுகத்து மித்கம்ர் என்னும் ஊரில் தம் வங்கியைத் தொடங்கினார். சிறு சேமிப்பாளரின் பணத்தை உள்ளூர்த் தொழிலில் இட்டு, வட்டிக்குப் பதிலாக இலாபத்தைப் பங்கிட்டார். நான்கே ஆண்டில் அது முடிவுற்றது. ஆயினும் விதை காற்றிற் பரந்தது. கிழக்கிலங்கைக்கு நாணய சங்கம் வந்த அதே நாட்டிலிருந்து, வட்டியில்லா வங்கிக்கும் ஒரு தூண்டுதல் பிறந்தது என்பது சிந்திக்கத்தக்கது. இலங்கையில் 2005ஆம் ஆண்டு வங்கிச் சட்டத் திருத்தம் இம்முறைக்கு இடமளித்தது. 2011இல் அமானா வங்கி முழு வணிக வங்கியாகத் தொடங்கியது. அங்கே தறி வாங்க விரும்புபவருக்குப் பணம் கொடுக்கப்படுவதில்லை. வங்கி தறியை வாங்கி, தன் இலாபத்தை வெளிப்படையாகச் சேர்த்துத் தவணைக்கு விற்கும், இதுவே முராபஹா. இலாபத்திலும் நட்டத்திலும் கூட்டுச் சேர்வது முஷாரகா. தொழில் செய்பவருக்கு நெருக்கமானது பின்னையதே. வங்கிகள் விரும்பி நடத்துவதோ முன்னையதை. தவணை நிச்சயம் அல்லவா?

2004 டிசம்பர் 26ஆம் தேதி கடல் பொங்கியபோது மருதமுனை முதல் திருக்கோவில் வரை இக்கரை முழுவதும் துயருற்றது. தறியும் தோணியும் வலையும் கடையும் ஒரு காலைப்பொழுதில் அழிந்தன. 2005இல் மத்திய வங்கி 'சுசஹன' என்ற சலுகைக் கடன் திட்டத்தை வங்கிகளூடாக நடத்தியது. அது உதவிற்று, ஆனால் ஈடுவைக்க உறுதி கேட்ட இடங்களில், உறுதியே கடலோடு போனவர் என் செய்வர்? அந்த இடைவெளியில், முக்கியமாக 2009இல் போர் முடிந்தபின், நுண்கடன் நிறுவனங்கள் வடக்கிலும் கிழக்கிலும் பெருகின. வீட்டு வாயிலுக்கே வந்தன. பெண்களைக் குழுவாக்கி ஒருவருக்கொருவர் பிணையாக்கின. றைபைசன் உருவாக்கியது போன்றே தோன்றும், வேற்றுமை ஒன்றே. அவருடைய சங்கத்தில் இலாபம் உறுப்பினருக்கு உரியது. இங்கே அயலவரின் கண்காணிப்பு மட்டும் எடுக்கப்பட்டு இலாபம் வெளியே போயிற்று.

வட்டிக் கணக்கிலும் ஒரு மறைவு இருந்தது. ஐம்பதினாயிரம் ரூபா, ஆண்டுக்கு நூற்றுக்கு 24 என்று சொல்லி, 12,000 ரூபா வட்டியைத் தொடக்கத்திலேயே சேர்த்து, 62,000 ரூபாவை 52 வாரத் தவணையாகப் பிரித்தால் என்ன ஆகும்? முதல் வாரம் தொட்டே கடன் குறைந்து வருவதால், கடன்பட்டவர் கையிலிருக்கும் பணம் சராசரியாக 25,000 ரூபா அளவே. 25,000க்கு 12,000 வட்டி. உண்மை வீதம் சொன்னதைப் போல் ஏறக்குறைய இருமடங்கு. நெல்லோ ஐந்து மாதத்துக்கு ஒருமுறை விளைவது. தவணையோ வாரந்தோறும் வருவது. ஒன்றை அடைக்க மற்றொன்று வாங்கி, பல பெண்கள் மீளாக் கடனில் வீழ்ந்தனர். 2018இல் அரசாங்கம் வறட்சியுற்ற 12 மாவட்டங்களில், ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நிலுவைக் கடன்களைத் தீர்க்க முன்வந்து, வட்டிக்கு நூற்றுக்கு 35 என்ற மேலெல்லையும் விதித்தது. முப்பத்தைந்து என்பதே சலுகையாகத் தோன்றிய காலம் அது.

சிறுகடனின் நிலை இவ்வாறாக, நடுத்தரத் தொழிலுக்கு உதாரணம் அரிசி ஆலை. அறுவடைக் காலத்து ஏழெட்டு வாரத்துக்குள் ஓராண்டுக்கு வேண்டிய நெல்லை வாங்கிக் குவிக்கவேண்டும். அரிசி விற்றுப் பணம் வருவதோ மாதம் மாதமாக. கிராமிய வங்கியின் கடன் இதற்குப் போதாது, பெருவங்கிக்குத்தான் போகவேண்டும். பெருவங்கி ஈடு கேட்கும். ஈடாக வைக்கப்படுவது ஆலை நிற்கும் காணி. பல வேளைகளில் மனைவிக்கோ மகளுக்கோ உரிய சீதன வீடு.

இந்த இடத்தில் இருவகை நிறுவனங்களுக்கும் உள்ள வேற்றுமை கூர்மையாகத் தெரியும். கூட்டுறவுச் சங்கத்தின் கடன் நிலுவையானால், 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி அது நடுத்தீர்ப்புக்குச் செல்லும். நடுவர் இரு பக்கத்தையும் கேட்பார். வணிக வங்கிக்கோ 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்றம் செல்லாமலே ஈட்டை ஏலமிடும் அதிகாரத்தைத் தந்தது. 'பராட்டே' என்று வழங்கும் அவ்வதிகாரத்திலிருந்து 2011ஆம் ஆண்டுத் திருத்தம் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடன்களை விலக்கியது. ஆகவே சிறுதொழிலர் தப்பினர். ஆலைக்காரரை ஒத்த நடுத்தரத்தார் அதனுள் நின்றனர். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டு விளைச்சல் குன்றியது. 2022இல் நாட்டின் பொருளாதாரம் நிலைகுலைந்து, மத்திய வங்கி ஏப்ரலில் ஒரே முறையிற் கொள்கை வட்டியை நூற்றுக்கு 7 புள்ளி உயர்த்தியது. பழைய வட்டியிற் கணக்கிட்டு வாங்கிய கடன் புதிய வட்டியில் வந்து நின்றது. ஏல அறிவித்தல்கள் பத்திரிகைப் பக்கங்களை நிறைத்தன. சிறிய, நடுத்தரத் தொழிலாளரின் நீண்ட முறையீட்டின்பின், 2024இல் பாராளுமன்றம் அவ்வதிகாரத்தை அவ்வாண்டு டிசம்பர் நடுப்பகுதி வரை நிறுத்திவைத்தது. பின்னர் அத்தவணை 2025 மார்ச் இறுதி வரை நீட்டப்பட்டது. கிழக்கில் மாரி வேளாண்மை வெட்டி முடிந்து, புதுநெல் ஆலை வாயிலுக்கு வரும் காலமும் அதுவே.